பொம்மையைப் பாட்டியின் கையில் கொடுங்கள்

தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் அழுவார்கள். கையில் இருக்கும் குழந்தை சிரிக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆட்டோவிலிருந்து நான்கு பேர் இறங்கி, செருப்பில்லாமல், தலைமுடி அவிழ்ந்த நிலையில் உள்ளே நுழைந்தால் என் செவிலியருக்குச் சொல்லாமலே தெரியும். "மூச்சுப் பேச்சே இல்லை டாக்டரம்மா, கண் சொருகிவிட்டது, செத்துப் பிழைத்த பிள்ளை" என்று பாட்டி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் குழந்தை மருத்துவராக இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காட்சியைச் சரியாகக் கையாள்வது எப்படி என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாக இரவுப் பணிக்கு வரும் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், நாங்கள் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறோம் என்பது புரியும்.

முதல் வேலை பேச்சல்ல, பார்வை. குழந்தையின் சட்டை, இடுப்புக் கயிறு, டயப்பர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஆக்சிமீட்டரைக் காலில் மாட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது பச்சிளங்குழந்தையிடம் செல்லாது, ஏனென்றால் அவர்கள் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50: இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு. காய்ச்சல், மந்தம், பால் குடிக்க மறுப்பது, முனகல், உச்சிக்குழி புடைப்பு, இன்னும் மாறாத நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு நோயாளிக் குழந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். நான் பேசப்போவது, வந்த தொல்லை சுவடே தெரியாமல் மறைந்துவிட்ட குழந்தையைப் பற்றி.

இதற்கு ஒரு பெயர் உண்டு. முன்பெல்லாம் தொட்டில் மரணத்திலிருந்து (நலமாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோவது) மயிரிழையில் தப்பிய குழந்தை என்ற பொருளில் ஒரு பயங்கரமான பெயர் வைத்திருந்தார்கள். 1986இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்தொருமிப்பு மாநாடு அதை மாற்றி 'ஆல்டி' என்றது. உயிருக்கு ஆபத்தாகத் தோன்றும் நிகழ்வு என்று பொருள். அந்தப் பெயரும் பயத்தைக் குறைக்கவில்லை. நாங்கள் படித்த காலத்தில் 'ஆல்டி' என்று சீட்டில் எழுதிவிட்டால் மார்பு எக்ஸ்ரே, இரத்தம், மூளை ஸ்கேன், முதுகுத் தண்டு நீர் என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். 2016இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 'ப்ரூ' என்ற புதுப்பெயரைக் கொண்டுவந்தது. காப்பித்தூள் பெயர்போல இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். சிறிது நேரமே நீடித்து, தானாகச் சரியாகி, காரணம் புலப்படாத நிகழ்வு என்பதன் சுருக்கம் அது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை. ஒரு நிமிடத்துக்குள், பெரும்பாலும் 20, 30 நொடிகளில் முடிந்திருக்கவேண்டும். நீலம் பாரித்தல் அல்லது வெளிறுதல், மூச்சு நிற்பது அல்லது தாறுமாறாவது, உடல் துவண்டுபோவது அல்லது விறைப்பது, கூப்பிட்டால் கவனிக்காமல் போவது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்திருக்கவேண்டும்.

இதில் முக்கியமான சொல் 'காரணம் புலப்படாத' என்பது. முழுமையாகக் கேட்டு, முழுமையாகப் பரிசோதித்த பிறகும் காரணம் தெரியவில்லை என்றால்தான் ப்ரூ. கேட்காமலே எழுதினால் அது ப்ரூ அல்ல, சோம்பல்.

எப்படிக் கேட்பது? என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கியது. ஒரு கை கழன்று பல வருடம் ஆகிறது. அதை எடுத்து, நிகழ்வின்போது குழந்தையைக் கையில் வைத்திருந்தவரிடம் கொடுக்கிறேன். கவனியுங்கள், நிகழ்வைப் பார்த்தவரிடம். பெரும்பாலும் அவர் அறைக்குள் வந்திருக்கமாட்டார். குழந்தையின் தந்தை வந்து எல்லாவற்றையும் அழகாகச் சொல்வார். விசாரித்தால் அப்போது அவர் திருப்பூரில் வேலையில் இருந்திருப்பார். பார்த்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் போனில் பிடியுங்கள். பிறகு, "நடந்ததைச் சொல்லாதீர்கள் அம்மா, செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சென்ற ஐப்பசியில் வந்த மூன்று மாதக் குழந்தை. "பத்து நிமிடம் மூச்சே இல்லை" என்று பாட்டி சொன்னார். பொம்மையைக் கொடுத்தேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பொம்மையைக் கால்மீது மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை பாதத்தின் பக்கம், தாழ்ந்து இருந்தது. இடது கையால் கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்தார். வலது கையில் இல்லாத பாலாடையை உயர்த்தினார். "இப்படி ஊற்றிக்கொண்டு இருந்தேன், திடீரென்று முகம் சிவந்து, பிறகு கறுத்து, கண் மேலே போய்விட்டது." பிறகு? "தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினேன், மூக்கை ஊதினேன், 'ஓ'வென்று அழுதுவிட்டது." அவர் செய்து காட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலாடை உயர்ந்ததிலிருந்து அழுகை வரை 25 நொடி. பத்து நிமிடம் என்பது பயத்தின் கணக்கு. அது பொய்யல்ல, அந்த நேரத்தில் காலம் அப்படித்தான் நீளும்.

இது ப்ரூ அல்ல என்று அந்த 25 நொடியிலேயே தெரிந்துவிட்டது. தலை தாழ்ந்த குழந்தையின் தொண்டையில் பாலை ஊற்றியதால் புரையேறியது. வாயால் கேட்டிருந்தால் "பால் குடித்துக்கொண்டிருந்தது" என்ற ஒரு வரியோடு போயிருக்கும். பாலாடையைக் குறை சொல்லவில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே அதில்தான் கொடுக்கிறோம். தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் சாய்த்து, விழுங்க விழுங்கக் கொடுக்கவேண்டும்.

பொம்மை கையில் இருக்கும்போதே மற்ற கேள்விகளையும் முடித்துவிடுங்கள். எங்கே நீலம்? உதட்டைச் சுற்றியும் உள்ளங்கை, பாதத்திலும் மட்டும் என்றால் குளிர்ந்த குழந்தைக்குச் சாதாரணம். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் என்றால் கவலை. 'மூச்சு நின்றது' என்றால் எவ்வளவு நேரம்? பச்சிளங்குழந்தைகள் ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக நான்கைந்து மூச்சு விடுவார்கள். தூளியை விலக்கிப் பார்த்த தாய் இதைக் கண்டுதான் பாதி நாள் ஓடி வருகிறார். 20 நொடியைத் தாண்டினாலோ, நிறம் மாறினாலோ கதை வேறு. அழுது அழுது மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமானதா? ஆறு மாதத்துக்கு மேல் என்றால் அது மூச்சுப்பிடிப்பு; ஹீமோகுளோபினைப் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவு பலரிடம் இருக்கும். தூங்கி எழுந்ததும் கும்பிடுவதுபோலக் குனிந்து குனிந்து வரிசையாகத் துள்ளியதா? இதை வீட்டில் 'திடுக்கிடுகிறது' என்பார்கள், சிலர் மாந்தம் என்பார்கள். அது குழந்தை வலிப்பின் ஒரு கொடிய வகையாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்து, வீட்டு மருந்துகள். கோபமாகக் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "உரை மருந்து கொடுப்பீர்களா, வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் எவ்வளவு உரசுவீர்கள்?" என்று பக்கத்து வீட்டுக்காரியைப்போலக் கேட்பேன். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டார்களா, சளிக்குக் கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ தடவினார்களா, சாம்பிராணிப் புகை எவ்வளவு நேரம் என்பதையும் கேளுங்கள். கற்பூரமும் யூகலிப்டஸும் சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். பாட்டியைத் திட்டிவிட்டால் அடுத்த பேரப்பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு கேள்வியை நான் ஒரு தடவை கேட்காமல் விட்டேன். எழுபது நாள் குழந்தை, பால் குடிக்கும்போது நீலமானது என்றார்கள். புரையேறியிருக்கும் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் திரும்பக் கொண்டுவந்தபோது என் கண் முன்னாலேயே மூச்சை நிறுத்தியது. பைகொண்டு மூச்சுக் கொடுத்தோம். அந்தக் களேபரத்தில்தான் ஒரு சத்தம் என் காதில் விழுந்தது: ஓரமாக நின்ற தாய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விடாமல் இருமிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக இருமல் என்றார். கக்குவான் இருமல். பெரியவர்களுக்கு அது வெறும் தொல்லை. மிகச் சிறிய குழந்தைக்கோ இருமலே இல்லாமல் மூச்சு நிற்பதாகத்தான் தலைகாட்டும். அந்தக் குழந்தை ஆறாவது வார ஊசியும் போட்டிருக்கவில்லை. பிழைத்துக்கொண்டது, இப்போது கல்லூரி போகிறது. அன்றிலிருந்து "வீட்டில் யார் இருமுகிறார்கள்?" என்பதை எந்தக் குழந்தைக்கும் கேட்காமல் விடுவதில்லை. ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14ஆம் வாரங்களில் போட்டாயிற்றா என்று அட்டையை வாங்கிப் பார்த்துவிடுங்கள், வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

குடும்பத்தில் காரணமில்லாமல் இளவயதில் இறந்தவர்கள், குளத்தில் நீந்தத் தெரிந்தும் மூழ்கியவர்கள், அடிக்கடி மயங்கி விழுகிறவர்கள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் இருக்கிறார்களா? இதற்கு முந்தைய குழந்தை கைக்குழந்தையாகவே தவறியதா? பெற்றோர் சொந்தமா, தாய்மாமன் உறவா? நம் பக்கத்தில் இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் அதிசயமல்ல. உடலின் வேதிமாற்றக் கோளாறுகளும், காது கேளாமையோடு வரும் ஒருவகை இதய மின்கோளாறும் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் கூடுதலாகத் தென்படும்.

இனி உடல் பரிசோதனை. உச்சி முதல் பாதம் வரை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நான் இரண்டு இடத்தில் அதிக நேரம் நிற்பேன். ஒன்று, தலைச் சுற்றளவு. நாடாவை வைத்து அளந்து, அட்டையில் உள்ள பழைய அளவோடு ஒப்பிடுங்கள். திடீரென்று கூடியிருந்தால் மூளைக்குள் இரத்தக் கசிவோ நீரோ இருக்கலாம். மற்றது, தோல். கவிழக்கூடத் தெரியாத குழந்தைக்குத் தானாக இரத்தக்கட்டு வராது. நான்கு மாதத்துக்குள் எங்கே இருந்தாலும், அதற்குப் பிறகு காது, கழுத்து, வயிறு, முதுகில் இருந்தாலும், யாரோ காயப்படுத்தியிருக்கலாம் என்று நினைத்தே ஆகவேண்டும். மேலுதட்டைத் தூக்கி, ஈறோடு சேரும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல குடும்பம், படித்தவர்கள் என்ற எண்ணமெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு வெளியே நிற்கட்டும். அதேசமயம், நம் குழந்தைகள் பலருக்கு இடுப்பின் கீழே பிறவியிலேயே நீலச் சாம்பல் நிறப் படலம் இருக்கும். அதை இரத்தக்கட்டு என்று எழுதி ஒரு குடும்பத்தைக் காவல் நிலையம் வரை இழுத்துவிடாதீர்கள். படலம் ஒரு வாரத்தில் நிறம் மாறாது, இரத்தக்கட்டு மாறும்.

இவ்வளவும் செய்தபின் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இப்போது ப்ரூ என்று எழுதலாம். அடுத்து, இது ஆபத்து குறைந்த குழந்தையா என்ற கணக்கு. வயது 60 நாளைத் தாண்டியிருக்கவேண்டும். 32 வாரம் நிறைந்தபின் பிறந்திருக்கவேண்டும். பிறந்தபோதிருந்த கர்ப்ப வாரத்தோடு வயதைக் கூட்டினால் 45 வாரமாவது வரவேண்டும். இதுவே முதல் தடவை, ஒரே தடவை. ஒரு நிமிடத்துக்குக் குறைவு. பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் யாரும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டதிலும் பார்த்ததிலும் உறுத்தல் இல்லை. எல்லாமே பொருந்தினால்தான் ஆபத்து குறைவு. ஒன்று பிசகினாலும் இல்லை. எல்லோரும் சறுக்கும் இடம் அந்த 45. 34 வாரத்தில் பிறந்த, 70 நாள் ஆன குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 நாள் தாண்டியாயிற்று, 32 வாரமும் தாண்டியாயிற்று. ஆனால் 34உம் 10உம் 44. அனுப்பக்கூடாது.

ஆபத்து குறைந்த குழந்தைக்கு எக்ஸ்ரே, இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை, முதுகுத் தண்டு நீர், மூளை அலைப் பதிவு, எக்கோ என்ற இதய ஸ்கேன் எதுவும் வேண்டாம். கக்குகிறதே என்று வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து எழுதாதீர்கள். வலிப்பு மருந்தும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொடங்கக்கூடாது. என் முதல் வருடத்தில், நான் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவமனையில், இப்படி ஒரு சிரித்த குழந்தைக்கு மூன்று முறை முதுகில் ஊசி குத்தினோம். மூன்றாவது முறைதான் நீர் வந்தது. தெளிவாக இருந்தது. அந்தத் தாயின் முகம் மறக்கவில்லை.

ஈசிஜி எடுக்கலாம், எடுப்பதே நல்லது. வலி இல்லை, நீண்ட க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் முடிய அதிக நேரம் எடுப்பது) போன்ற இதய மின்கோளாறு அதில்தான் மாட்டும். கணினி அச்சிடும் க்யூடி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கையால் அளந்து, இதயத் துடிப்புக்கு ஏற்பத் திருத்திப் பாருங்கள். 440 மில்லி நொடியைத் தாண்டினால் இன்னொரு முறை எடுங்கள். 470ஐத் தாண்டினால் அன்றே இதய மருத்துவரிடம் பேசுங்கள். இருமல் தொடர்பு இருந்தால் கக்குவான் சோதனை. பிறகு ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை ஆக்சிமீட்டரோடு உட்காரவைத்திருங்கள். அதற்குள் குழந்தை ஒருமுறையாவது பால் குடிக்கவேண்டும், நீங்களோ செவிலியரோ பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். புட்டிப் பால் என்றால் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வரவேண்டும். ஓடையாக வந்தால், 'சீக்கிரம் குடிக்கட்டும்' என்று ரப்பர் முனையின் துளையை ஊசியால் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

ஆபத்து குறைவில்லை என்றால் வாதம் வேண்டாம். 108இல் ஆக்சிமீட்டரோடு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சர்க்கரை அளவை மட்டும் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். சீட்டில் 'மூச்சுத் திணறல்' என்று ஒற்றைச் சொல் எழுதாமல், பொம்மையில் பார்த்ததை அப்படியே எழுதுங்கள்: யார் பார்த்தது, குழந்தை எந்த நிலையில் இருந்தது, எங்கே நீலம், எத்தனை நொடி, எப்படித் தெளிந்தது. அங்கே நள்ளிரவில் பார்க்கப்போகும் மருத்துவரிடம் பாட்டி இருக்கமாட்டார். உங்கள் சீட்டு மட்டும்தான் இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் பார்த்தது ஒன்றுமில்லாதது அல்ல. "நீங்கள் பார்த்தது உண்மை. காரணம் தேடினேன், ஆபத்தான காரணம் எதுவும் தெரியவில்லை. இப்படி வந்ததால் தூக்கத்திலேயே பிள்ளை போய்விடும் என்று பொருள் இல்லை" என்று இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்வேன். காலுறைபோல மாட்டிப் போனில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை வாங்கலாமா என்று வெளிநாட்டில் இருக்கும் மாமா கட்டாயம் கேட்பார். வேண்டாம். அது ராத்திரியில் நான்கு தடவை பொய்யாக அலறி, தாயின் தூக்கத்தைத்தான் பறிக்கும். அந்தப் பணத்துக்குக் கெட்டியான மெத்தை வாங்கட்டும். மல்லாக்கப் படுக்கவைக்கட்டும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையை எடுத்துவிடட்டும். தூளியில் போட்டால் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் மடங்கும். முதல் மாதங்களில் தூங்கியதும் பாயில் கிடத்திவிடுவதே நல்லது. பீடி, சிகரெட் வீட்டு வாசலோடு நிற்கட்டும்.

அதே கை இல்லாத பொம்மையில் உயிர்காக்கும் முறையையும் காட்டிவிடுங்கள், ஐந்து நிமிடம்தான். புரையேறி அடைத்துக்கொண்டால் குப்புறத் தலை தாழ்த்தி முன்கையில் கிடத்தி முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்தம். அசைவும் மூச்சும் இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு, மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் சுமார் 4 செ.மீ. ஆழத்துக்கு 30 அழுத்தம், பிறகு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி 2 ஊதல். குலுக்கக்கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக்கூடாது. சொல்லிக்கொடுத்தால் போதாது, ஒவ்வொருவரும் செய்யவேண்டும். பாட்டியும்தான். மறுபடி வந்தால் ஒருவர் குழந்தையைப் பார்க்க, இன்னொருவர் செல்பேசியில் காணொளி எடுக்கட்டும். என் பொம்மை சொல்லாததை அந்தப் பதிவு சொல்லிவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நீங்களே போன் செய்யுங்கள். தந்தைதான் எடுப்பார், "நன்றாக இருக்கிறது மேடம்" என்பார். பாட்டியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரவு எத்தனை தடவை எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தீர்கள், காலையில் பால் எப்படிக் கொடுத்தீர்கள், கால்மீதா மடியிலா என்று கேளுங்கள்.